கோபம் என்ற ஒரே பெயர்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்வதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கையும் தருகிறது. அழுகைக்கு அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்தல், பொருளின்மை. நாமோ பெரும்பாலும் 'கோபம்' என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம்.

பணி ஓய்வு பெற்ற என் சித்தப்பா, காபி ஆறிவிட்டதென்று தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனபோது, வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். சித்தி மட்டும் பின்னாலேயே போய், "கோவமாங்க, இல்ல உங்கள ஒரு வார்த்தை கேக்காம நிலத்த விலை பேசிட்டாங்களேன்னு வருத்தமா?" என்று கேட்டார். சற்று நேரம் பேசாதிருந்தவர், "யாரும் மதிக்கலயேன்னுதான்" என்றார். அதன் பிறகுதான் அவர்கள் நிலத்தைப் பற்றியே பேச முடிந்தது. கோபத்தைக் குறிக்கும் வெகுளி என்ற மெய்ப்பாட்டைவிட இளிவுக்கே அது நெருக்கம்.

2007-இல் வெளியான நரம்பியல் ஆய்வாளர் மேத்யூ லீபர்மன் குழுவினரின் ஆய்வில், முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களின் மூளையில், அச்சம் போன்ற உணர்ச்சிகளின்போது தூண்டப்படும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது. ஆனால் வீட்டுக்குள், பெயரிடுதலைக் கேள்வியாக வைப்பதே நல்லது என்பது என் எண்ணம்; 'உனக்குப் பொறாமை' என்று தீர்ப்பாகச் சொல்லப்பட்டவர், உள்ளதைச் சொல்வதை விட்டுவிட்டு, வாதாடத்தான் தொடங்குவார்.