இரண்டு பெயர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தொழிற்கல்லூரியின் மாணவர் உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முன்னாள் படைவீரர்களின் படிப்புக்கு உதவ வழி செய்த 2011ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, தலை நரைத்த மாணவர்களும் எங்கள் கவுன்ட்டருக்கு வர ஆரம்பித்தார்கள்.

அப்படி வந்தவர் ஒரு சூலு பெரியவர். படிவத்தில் பெயர் எழுதும் இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. எழுத வராதோ என்று நினைத்து, "நான் எழுதித் தரட்டுமா, பாபா?" என்று கேட்டேன். வரிசையில் நின்ற எல்லார் காதிலும் விழுந்தது. படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

இரண்டு வாரம் கழித்து, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து வந்தார். 1976இல் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு எல்லை தாண்டிப் போனவராம். நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவான உம்கொண்டோ வே சிஸ்வேயின் முகாம்களில் யாரும் சொந்தப் பெயரில் இருக்கவில்லை. பெயர் வெளியே கசிந்தால் ஊரிலுள்ள குடும்பத்துக்கு ஆபத்து. அதனால் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், படைப் பதிவில் வேறு பெயர். "எதை எழுதட்டும், சிசி?" என்றார். சிசி என்றால் சகோதரி.

இரண்டும் ஒருவர்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதி முத்திரை வாங்க வேண்டும். அதற்கு நாங்கள் எல்லாரும் போவது காவல் நிலையத்துக்குத்தான். பத்து நிமிட வேலை. அவரால் அந்த வாசலை மிதிக்க முடியவில்லை. அப்புறம் ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துப் போனேன். அவரும் முத்திரை போடலாம் என்பது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

பாபாவின் வகுப்பிலேயே, டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தமிழ் அங்கிள் படித்தார். நிறவெறி ஆட்சிக் காலத்தில் கடற்படையின் இந்தியர் பிரிவில் தானாகவே போய்ச் சேர்ந்தவர். டர்பன் துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரி தீவில் பயிற்சி. 1961இல் இந்தியர்களான நம்மவர்களுக்கென்று தனிக் கல்லூரி தொடங்கியதும் அதே தீவில்தான், பழைய கடற்படைக் கட்டடங்களில். அந்த 2011 சட்டம், 1960 முதல் 1994 வரை நடந்த விடுதலைப் போரில் எல்லாத் தரப்பிலும் இருந்தவர்களைப் படைவீரர்கள் என்கிறது. இதைச் சொன்னபோது, "எந்த முகத்தோட போய்க் கேக்கறது, மா? பாபா பக்கத்துல உக்காந்திருக்காரு" என்றார்.

சரி, வற்புறுத்தவில்லை. கணினி வகுப்பில் பாபாவுக்கு மௌஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அங்கிள்தான். இப்போது படிவங்களைக் கவுன்ட்டரில் நிரப்பச் சொல்வதில்லை, உள்ளே அழைத்து நாற்காலி போட்டு, "வேறு பெயர் ஏதும் இருந்ததா?" என்றுதான் தொடங்குகிறேன். அங்கிளின் படிவம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மேலே அவர் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.