அத்தை குளிப்பாட்டிய வெண்கலப் பையன்

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது போக மிஞ்சுவது ஒரு கீற்று மண். அதில் என் கணவர் நீரூற்றுச் சிலை ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினார். மீனைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கும் வெண்கலப் பையன், பக்கத்தில் ஒரு தவளை. மீன் வாயிலிருந்து தண்ணீர் விழும். தவளைக்கு வேலை இல்லை, வேடிக்கை பார்க்கும்.

சிலை முழுக்கப் பச்சை. பட்டறையில் சூடேற்றி, ரசாயனம் பூசி வரவழைத்த நிறமாம். கொடுத்த விலையில் பாதி அந்த நிறத்துக்குத்தானாம். "யாரும் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அத்தை வந்து பார்த்தார். "களிம்பு இப்படி ஏறிக் கிடக்கிறதே! மைனா வந்து குடித்தால் என்ன ஆகும்?"

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். செம்புக் களிம்புக்குப் புளியைக் கண்டால் ஆகாது. ஒரு பொட்டலம் புளி, தேங்காய் நார், காது மடிப்புக்குப் பழைய பல்துலக்கி. தவளையின் முதுகில் பாதி வந்தபோது புளி தீர்ந்துவிட்டது. இன்றும் அது பாதி பச்சை, பாதி பளபளப்பு.

மாலையில் கேட்டைத் திறந்த கணவர் அங்கேயே நின்றுவிட்டார். அவர் நின்றது விலையை நினைத்து. தெரு நின்றது வேறொன்றுக்காக. பச்சையாக இருந்தவரை யார் கண்ணையும் உறுத்தாத விஷயம், தேய்த்ததும் பளிச்சென்று தெரிந்தது: பையன் உடம்பில் ஒட்டுத்துணி இல்லை.

அத்தை உடனே கைக்குட்டையைக் கோவணமாகக் கட்டினார்.

"அம்மா, இது கலை! பிரஸ்ஸல்ஸில் ஒரு வெண்கலப் பையன் நடுத்தெருவில் சிறுநீர் கழித்துக்கொண்டு நிற்கிறான். உலகமே போய்ப் படம் எடுக்கிறது!"

நான் கைப்பேசியில் தேடி வாசித்தேன். அந்தப் பையனுக்கு 1698இலேயே ஓர் ஆளுநர் உடை கொடுத்திருக்கிறார். இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடுப்புகள். அவற்றுக்கென்றே ஒரு காட்சியகமும் உண்டு.

"பார்த்தாயா, வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது" என்றார் அத்தை. கணவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் லிட்டில் இந்தியாவில் எல்லோருக்கும் துணி எடுத்த பிறகு, அத்தை குட்டி ஜிப்பா ஒன்று கேட்டார்.

"பையனுக்கு என்ன வயது, அம்மா?"

"மூன்று இருக்கும்."

"ஒரு சுற்றுப் பெரிதாக எடுங்கள். வளர்கிற பிள்ளை."

அத்தை ஒரு கணம் யோசித்தார். பிறகு பெரிதையே எடுத்துக் கணவர் கையில் கொடுத்து, பணம் கட்டச் சொன்னார்.