ஐந்தாவது லாக்

மதகு திறந்து தண்ணீர் இறங்க இறங்க, கற்சுவரின் ஈரப்பாசி எங்கள் முகத்துக்கு நேராக உயர்ந்துகொண்டே போனது. நான் கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டிருந்தேன்.

தென் பிரான்சின் மிதி (Midi) கால்வாயில் இன்று நாங்கள் கடந்த ஐந்தாவது லாக் இது; லாக் என்பது நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றவும் இறக்கவும் உதவும், இரு முனையிலும் கதவுள்ள தொட்டி.

இதன் சுவர்கள் முட்டை வடிவில் வெளிப்புறமாக வளைந்திருக்கின்றன. நேர்ச்சுவரோடு முதலில் கட்டிய லாக் ஒன்று இடிந்துவிட்டதால், மண்ணின் அழுத்தத்தை வளைவு தாங்கும் என்று கால்வாயைக் கட்டிய பியர்-பால் ரிக்கே வடிவத்தை மாற்றினாராம். (வாடகைப் படகை நேராக நிறுத்தத் தெரியாத எனக்கு அந்த வளைவு பெருஞ்சோதனை.)

ரிக்கே உப்பு வரி வசூலித்தவர். 1666-இல் அனுமதி பெற்ற சுமார் 240 கிலோமீட்டர் கால்வாய்க்குத் தம் சொந்தப் பணத்தையும் கொட்டிய அவர், 1681-இல் அது திறக்கப்படுவதைப் பார்க்காமல் 1680-இல் காலமானார். நாங்களோ அதே தண்ணீரில் காப்பிக் கோப்பையோடு மிதக்கிறோம்.

கதவுகள் திறந்தன. கயிற்றைச் சுருட்டி வைத்தேன். உள்ளங்கையில் இன்னும் சேற்று வாசம்.