ஐப்பசி மழையில் அக்குள் அரிப்பு: எனக்கு எப்படிச் சரியானது

குளிர் ஊரில் அக்குள் வியர்க்குமா என்று மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் தங்கை கேட்டாள். ஸ்வெட்டரும் அதன் மேல் பிளாஸ்டிக் கோட்டும் போட்டு மழையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அந்தச் சந்தேகமே வராது. வெளியே நடுங்கும், உள்ளே நசநசவென்று இருக்கும். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுக்கும். கொடியில் போட்ட துணி காயவே காயாது. போன மழைக்கு எனக்கு இரண்டு அக்குளும் சிவந்து, எரிந்து, கையைத் தொங்கப்போட முடியாமல் ஆகிவிட்டது.

மாமியார் நீலகிரித் தைலத்தை எடுத்து வந்தார். சளிக்கு, உடம்பு வலிக்கு என்று இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும். ஆனால் எண்ணெயில் கலக்காத தைலம் நல்ல தோலையே எரிக்கும். புண்பட்ட இடத்தில் வேண்டாம் அத்தை என்றேன். பக்கத்து வீட்டு அக்கா எலுமிச்சைச் சாறும் ஆப்ப சோடாவும் சொன்னார். தோலுக்கு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உண்டு. சோடா காரம், அதைக் கெடுக்கும். எலுமிச்சையோ அளவுக்கு மீறிய புளிப்பு. இரண்டுமே சிவந்த தோலை இன்னும் எரிக்கத்தான் செய்யும்.

நான் முதலில் செய்தது நிறுத்தும் வேலைதான். வாசனை ஸ்ப்ரே, ஷேவிங், வாசனை சோப்பு எல்லாவற்றையும் நிறுத்தினேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பழைய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். அரிப்பு தாங்காதபோது குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்து, உடனே ஈரம் போகத் துடைத்துவிடுவேன். ராத்திரியில் கையில்லாத தளர்ந்த பருத்தி நைட்டி.

அப்புறம் சோற்றுக்கற்றாழை. மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால் அரிப்பைக் கிளப்பும். அது வடிந்த பிறகு நன்றாகக் கழுவி, உள்ளிருக்கும் சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். முன்கையில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் அக்குளில் தடவினேன். குளுகுளுவென்று இருந்தது. தேங்காய் எண்ணெய் இந்தக் குளிரில் கல்லாக உறைந்திருக்கும்; உள்ளங்கையில் உருக்கி, தோல் முழுக்க உலர்ந்த பிறகு மெல்லிசாகத் தடவினேன். ஈரத்தின் மேல் எண்ணெய் தடவினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

எனக்கு மருந்தைவிடப் பெரிய உதவி துணியில்தான் கிடைத்தது. சோப்புத்தூள் தங்காதபடி ஜாக்கெட்டை இரண்டு முறை அலசினேன். விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்து, போடுவதற்கு முன் இஸ்திரி போட்டேன். தொட்டால் காய்ந்த மாதிரி தெரியும் துணியில்கூட இஸ்திரிப் பெட்டி பட்டதும் ஆவி கிளம்பும். கம்பளி நேரடியாகத் தோலில் படாமல் உள்ளே பருத்தி போட்டேன். தோட்டத்துக்கு மாற்று ஜாக்கெட் ஒன்றைப் பையில் கொண்டுபோய், மதியம் மாற்றிக்கொண்டேன்.

வலது பக்கம் ஆறிவிட்டது. இடது பக்கம் மட்டும் விளிம்பு தடித்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டாகக் கிளம்பியது. டாக்டர் பார்த்ததும் பூஞ்சைத் தொற்று என்றார். குளோட்ரிமசோல் களிம்பு கொடுத்து, அரிப்பு நின்ற பிறகும் அவர் சொன்ன நாள் வரை விடாமல் போடச் சொன்னார். இது திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனையும் எழுதினார். எனக்குச் சர்க்கரை இல்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பற்றி அவர் அழுத்திச் சொன்னார்: அரிப்பு சட்டென்று அடங்கும், பூஞ்சை பரவிக்கொண்டே போகும், தோலும் மெலிந்துவிடும். எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள் பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

வலியோடு கட்டி, சீழ், காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, இதில் எது இருந்தாலும் கற்றாழைக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.