பாயிண்ட் விலையும் பீர் வழக்கும்

ஆத்தூர், தலைவாசல் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிகள் எல்லாம் ஒரே நாளில் மரவள்ளிக்கு பாயிண்ட் விலையை இறக்கினால், விவசாயிகள் 'சிண்டிகேட்', அதாவது கூடிப் பேசி வைத்த விலை, என்பார்கள். பாயிண்ட் என்பது கிழங்கின் மாவுச்சத்து அளவு; ஒரு டன் கிழங்குக்கு, பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் விலை போடுகிறார்கள். அந்தச் சந்தேகம் சட்டத்தின் முன் நிற்க என்ன வேண்டும்? பீர் கம்பெனிகள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2021 செப்டம்பரில் போட்ட உத்தரவில் பதில் இருக்கிறது.

யுனைடெட் புரூவரீஸுக்குச் சுமார் 752 கோடி, கார்ல்ஸ்பெர்க்குக்குச் சுமார் 121 கோடி ரூபாய் அபராதம். 2022 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதை உறுதி செய்தது. விலைக்கு ஒப்புதல் தருவது மாநில அரசுகள்தானே என்ற வாதம் எடுபடவில்லை. அரசிடம் என்ன விலை கேட்பது என்று கம்பெனிகள் முன்கூட்டியே தங்களுக்குள் பேசிவைத்ததுதான் சட்டமீறல். காட்டிக்கொடுத்தவை அவர்களுடைய மின்னஞ்சல்களே.

நமக்கு முக்கியமானது இது: போட்டிச் சட்டம் பிரிவு 3(3) விற்கிற விலையை மட்டும் சொல்லவில்லை, வாங்குகிற விலையையும் சேர்த்தே சொல்கிறது. 28 பாயிண்ட் கிழங்கில் பாயிண்டுக்கு 20 ரூபாய் குறைத்தால் டன்னுக்கு 560 ரூபாய் விவசாயி கையைவிட்டுப் போகிறது. கூடிப் பேசிக் குறைத்திருந்தால் அது கார்ட்டெல்தான்.

ஆனால் விலை ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. கேஸ் சிலிண்டர் டெண்டர் வழக்கில், ஒரே மாதிரி விலை கேட்டிருந்தும் உச்ச நீதிமன்றம் 2018இல் அபராதத்தை ரத்து செய்தது. ஜவ்வரிசியை விற்றுத்தரும் சேலம் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வில் ஜவ்வரிசி விலை சரிந்தால் ஒவ்வொரு பேக்டரியும் தானாகவே கிழங்கு விலையைக் குறைக்கும், அதில் தப்பில்லை. ஆகவே தேதி, பாயிண்ட், விலை மூன்றும் உள்ள எடைச் சீட்டுகளைச் சேர்த்து, அதே நாட்களின் ஜவ்வரிசி விலையைப் பக்கத்தில் எழுதுங்கள். ஜவ்வரிசி ஏறும்போது கிழங்கு இறங்கியிருந்தால் புகாருக்கு வலு கூடும். "நாளையிலிருந்து இதற்கு மேல் யாரும் வாங்க வேண்டாம்" என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தி கிடைத்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. கிழங்கின் பாயிண்டையே குறைவாக அளந்து போடுவது வேறு சண்டை. அதை இதே மனுவில் கலந்தால் விலைப் புகார் நீர்த்துப்போகும்.

இந்தப் புகார் சிவில் கோர்ட்டுக்குப் போகாது. ஆணையத்திடம்தான் கொடுக்க வேண்டும், அதுவும் மூன்று ஆண்டுக்குள். புகார்தாரர் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்கலாம். கூட்டில் இருந்த பேக்டரிக்காரருக்கும் வழி உண்டு: பீர் வழக்கில் முதலில் வந்து ஆணையத்திடம் உண்மையைச் சொன்ன மூன்றாவது கம்பெனி ஏபி இன்பெவ் ஒரு ரூபாய்கூட அபராதம் கட்டவில்லை.