பிரசவ அட்டையைத் தூக்கி எறியாதீர்கள்

டர்பனில் சிறுநீரக மாற்று அறுவைக்குக் காத்திருக்கும் பெண்களே, குறிப்பாகப் பிள்ளை பெற்றவர்களே, இது உங்களுக்காக.

ஸ்கேன், இதயப் பரிசோதனை எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. என் கணவர் சிறுநீரகம் தர முன்வந்தார். இரத்த வகை பொருந்தியது. என் சீரத்தில் (செல்கள் நீக்கிய இரத்த நீரில்) அவருடைய வெள்ளணுக்களைக் கலந்து பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனையிலும் குறையில்லை. ஆனாலும் டாக்டர், "உங்களுக்கு எப்போதாவது இரத்தம் ஏற்றினார்களா?" என்று கேட்டார். இளைய மகள் பிறந்தபோது ஏற்றினார்கள். கவுன்டரில் அதைச் சொல்லியும் இருந்தேன். "பழைய கதையெல்லாம் வேண்டாம்" என்று குமாஸ்தா அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தார். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பிள்ளையின் திசு அடையாளத்தில் பாதி தகப்பனுடையது. தாயின் உடல் அதை அந்நியமாகக் கண்டு, அதைத் தாக்கும் எதிர்ப்பொருள் உண்டாக்கக்கூடும். ஏற்றிய இரத்தமும் அப்படித்தான். ஆண்டுகள் போகப்போக எதிர்ப்பொருள் குறைந்து, சோதனைக்கே தட்டுப்படாமல் போகலாம். ஆனால் அந்த அடையாளத்தை மறக்காத நினைவு செல்கள் போவதில்லை. அதே அடையாளத்துடன் ஒரு சிறுநீரகம் வந்தால் சில நாள்களிலேயே பாய்ந்துவிடும்.

சான்று கேட்டார்கள். பிரசவம் பார்த்த மருத்துவமனையில் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்கு அலையவிட்டு, கடைசியில் கோப்பு இல்லை என்றார்கள். சாட்ஸ்வர்த்தில் மாமியார் பிஸ்கட் டின்னில், பிறப்புச் சான்றிதழ்களோடு அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார்! ஓரம் பழுத்திருந்தது, இரத்தப் பையின் எண் சீட்டு மட்டும் அப்படியே ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் நுட்பமான சோதனைக்கு அனுப்பினார்கள். கணவருக்கு எதிரான எதிர்ப்பொருள் எனக்குள் இருந்தது. அவர் அன்று முழுவதும் பேசவில்லை.

உடன்பிறந்தவரோடு திசு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். என் அண்ணனுக்குப் பொருந்தியது!

அப்படியும், புதுச் சிறுநீரகத்தை உடல் எதிர்க்காமல் தடுக்கும் மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. 1954இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த மாற்று, மாத்திரையின்றி நிலைத்ததற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர். 1953இல் பீட்டர் மெடாவர் குழு எலிகளை அந்நியத் தோலை ஏற்க வைத்தது. ஆனால் அவை பிறக்கும் முன்பே பழக்கப்படுத்தப்பட்டவை. ஏற்கெனவே நினைவு பதிந்த உடலைப் பழக்குவதுதான் இன்றும் பெரும்பாடு.

ஒரு எச்சரிக்கை: டாக்ரோலிமஸ் என்ற அந்த எதிர்ப்புத் தடுப்பு மாத்திரையின் அளவை இரத்தத்தில் பார்க்கும் நாளில், காலை மாத்திரைக்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டும். வரிசை நீள்கிறதே என்று விழுங்கிவிட்டால் முடிவு தவறாக வரும், இன்னொரு நாள் அலைய வேண்டும். மாத்திரையைக் கையோடு கொண்டுபோங்கள். தாமதமானால் எழுந்துபோய்க் கேளுங்கள். கேட்டவர்களைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள்.