ரெண்டு வரி

"ஆர்டிஐ பாயின்ட் எங்கேம்மா?" என்று சீனியர் கேட்டார்.

"கடைசிப் பக்கத்தில் ரெண்டு வரி இருக்கு சார்."

"போதுமா?"

"போதும் சார்."

2022 டிசம்பர். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவுக்கு எங்கள் வக்கீல்கள் குழு கருத்து அனுப்பிய நேரம். அதில் ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டம் பற்றி நான் எழுதியது அந்த ரெண்டு வரிதான். அந்தப் 'போதும்' யோசித்துச் சொன்னதுதான் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், சீக்கிரம் பிரிண்ட் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றுதான் இருந்தது என்று தோன்றும்.

நியாயம் இல்லாமல் இல்லை. அரசு தன் அமைப்புகளுக்குத் தானே விலக்கு கொடுத்துக்கொள்ளும் பிரிவு அதில் இருந்தது. தரவு கசிந்தால் இழப்பீடு கேட்க உதவிய ஐ.டி. சட்டம் 43ஏ-வைத் தூக்கியிருந்தார்கள். பொய்ப் புகார் கொடுத்தால் குடிமகனுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். இத்தனைக்கும் நடுவில் தகவல் உரிமைச் சட்டம் 8(1)(ஜெ) திருத்தம் வால் மாதிரிதான் தெரிந்தது. பொதுப்பணியோடு சம்பந்தமில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைகிற தனிநபர் தகவலைத்தான் மறுக்கலாம், பொதுநலன் பெரிதென்றால் அதையும் கொடுக்கலாம் என்றிருந்த பிரிவு அது. அந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று வரைவு மாற்றியது. அதான், பொதுநலன் பெரிதென்றால் தகவலைக் கொடுக்கலாம் என்று அதே சட்டத்தின் 8(2)-இல் இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொண்டோம். சரி, செய்துகொண்டேன்.

2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் சொன்னபோது சேம்பரில் இனிப்பு கொடுத்தவள் நான். அந்தரங்கம் என்ற சொல்லை எதிரியாகப் பார்க்க எனக்கு வரவில்லை.

2023 ஆகஸ்டில் ஒரே வாரத்தில் மக்களவை, மாநிலங்களவை, குடியரசுத் தலைவர் ஒப்புதல் எல்லாம் முடிந்தது. அந்த ஆர்டிஐ திருத்தம் அப்படியே புதிய சட்டத்தின் 44(3) பிரிவு ஆனது. 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்தது.

அப்புறம்தான் அந்தப் பெரியவர் போன் செய்தார். தன் ஊரில் இறந்தவர்கள் பெயரில் முதியோர் உதவித்தொகை போகிறது என்று பட்டியல் கேட்டிருக்கிறார். தனிநபர் தகவல், தர இயலாது என்று பதில்.

"பேரே தரமாட்டேன்னா, செத்தவன் யாரு இருக்கிறவன் யாருன்னு நான் எப்படி வக்கீலம்மா பார்க்கிறது?"

"8(2) போட்டு மேல்முறையீடு பண்ணலாம் ஐயா."

"பொதுநலன் இருக்கான்னு யாரு முடிவு பண்ணுவா? அதே ஆபீஸா?"

முதல் மேல்முறையீடு அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம்தான் போகும். அதைச் சொல்லவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன்.

ரெண்டு வரிக்குப் பதில் ரெண்டு பக்கம் எழுதியிருந்தால் மாறியிருக்குமா? மாறியிருக்காது. ஊர் ஊராக ஆர்டிஐ ஆட்கள் கத்தியும் மாறவில்லை. வந்த கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று அமைச்சகம் முன்பே சொல்லிவிட்டதால், எங்களுடையதை யாராவது படித்தார்களா என்பதுகூடத் தெரியாது. ஆனால் இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம், மாறியிருக்காது என்பதே எனக்கு வசதியாக இருப்பது உறுத்துகிறது.

திங்கட்கிழமை வருகிறார். அதிகாரியின் மெமோ, தண்டனை விவரமெல்லாம் தனிநபர் தகவல் என்ற 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்தரப்பு நிச்சயம் எடுக்கும். அதற்கான குறிப்புகள் என் பீரோவிலேயே ஒரு பழைய கேஸ் கட்டுக்குள் இருக்கின்றன. ஓர் அதிகாரிக்காக, அந்தத் தீர்ப்பை வைத்து நானே வாதாடி ஜெயித்த கட்டு.